எலித் தசையை அளக்கும் முன் அதன் பூர்வீகத்தைக் கேளுங்கள்

பெங்களூரில் பயோடெக்கோ விலங்கியலோ முடித்துவிட்டு, ஹெப்பாள், ஜக்கூர், ஜிகேவிகே பக்கம் ஏதாவது ஆய்வகத்தில் புராஜெக்ட் வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சுண்டெலியின் மரபணுக்களை வைத்துத் தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை, அந்த எலிக் கூட்டம் எந்த நிலத்திலிருந்து கிளம்பி வந்தது என்று தேடுவது வேறொரு வேலை என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். பூர்வீகம் தெரியாத எலியின் தசையை அளந்து கிடைக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு உதாரணம் போதும். ஏ/ஜே என்று ஒரு ஸ்ட்ரெயின், அதாவது உறவுக்குள்ளேயே கலந்து வளர்த்த ஒரு எலி வம்சம், இருக்கிறது. நுரையீரல், புற்றுநோய், நோய் எதிர்ப்பு என்று எத்தனையோ ஆய்வுகளில் சாதாரண எலியாகவே புழங்குகிறது. ஆனால் தசைச் செல்லின் சவ்வைச் சரிசெய்யும் புரதத்துக்கான டிஸ்ஃபெர்லின் மரபணுவுக்குள் இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டதால் அந்தப் புரதமே உருவாவதில்லை, வயதாக ஆகத் தசை மெல்ல நலிகிறது. எஸ்ஜேஎல்/ஜே ஸ்ட்ரெயினிலும் அதே மரபணுவில் வேறொரு கோளாறு. இரண்டையும் யாரும் தசைநோய்க்காக உருவாக்கவில்லை. வளர்ப்பு வரலாற்றில் தானாக வந்து ஒட்டிக்கொண்டவை. ஏ/ஜே எலியைக் கண்ட்ரோலாக, அதாவது கோளாறில்லாத ஒப்பீட்டு எலியாக, வைத்து ஒருவர் தசை வலுவை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆய்வக எலி எங்கிருந்து வந்தது?

வீட்டுச் சுண்டெலி ஒரே இனம், மூன்று முக்கியத் துணையினங்கள். மேற்கு ஐரோப்பாவில் டொமெஸ்டிகஸ், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வட ஆசியா வரை மஸ்குலஸ், இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காஸ்டேனியஸ். மூன்றும் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மரபணு வேறுபாடு மிக அதிகமாக இருப்பது இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து ஈரான் வரையிலான நிலப்பரப்பில், ஆகவே இனத்தின் தாயகத்தை அந்தப் பக்கமாகத்தான் தேடுகிறார்கள். அங்கிருந்து மனிதனின் தானியத்தோடும் கப்பலோடும் சேர்ந்து உலகம் முழுக்கப் போய்விட்டது. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்களில் போனது டொமெஸ்டிகஸ்.

ஆய்வக எலியின் கதை இதைவிடச் சிக்கல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் ஏபி லாத்ராப் என்ற பெண்மணி, அழகுக்காக வளர்க்கும் எலிகளைப் பெருக்கி விற்றுவந்தார். அவருடைய எலிகளிலிருந்து 1921இல் சி.சி. லிட்டில் உருவாக்கியதுதான் இன்று எல்லா ஆய்வகத்திலும் இருக்கும் சி57பிஎல்/6 என்ற கறுப்பு எலியின் வம்சம். அழகு எலிகளில் ஐரோப்பியவையும் ஜப்பானியவையும் கலந்திருந்தன. அதனால் இந்தக் கறுப்பு எலியின் ஜீனோமில் பெரும்பகுதி டொமெஸ்டிகஸ். தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியாவும் டொமெஸ்டிகஸ். ஆனால் தந்தைவழியாக வரும் ஒய் குரோமோசோம் ஆசிய மஸ்குலஸ். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தவர் ஒரு ஊரைச் சொல்வார், ஒய்யை மட்டும் பார்த்தவர் இன்னொரு ஊரைச் சொல்வார், இருவர் கையிலும் இருப்பது அதே எலி. பூர்வீகம் தேடும்போது ஒரே ஒரு மார்க்கரை (வம்சத்தைக் காட்டும் டிஎன்ஏ அடையாளத்தை) நம்பாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஒரு மரபணு கெட்டால் தசைக்கு என்ன ஆகும் என்பது உங்கள் கேள்வியானால், எம்டிஎக்ஸ் எலியில் தொடங்குவது நல்லது. 1984இல் வெளியான இந்த எலி சி57பிஎல்/10 வம்சத்தில் தானாகத் தோன்றியது. தசை நாரைத் தாங்கும் புரதத்துக்கான டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 23ஆம் எக்ஸானில் (புரதத்துக்கான செய்தி இருக்கும் துண்டில்) ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மனிதரில் டூஷென் தசைச் சிதைவு நோய்க்கும் இதே மரபணுதான் காரணம். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் எலிக்கு ஒரே பிரதி, இனச்சேர்க்கைத் திட்டம் போடும்போது இதை மறந்துவிடாதீர்கள். எம்டிஎக்ஸின் கால் தசைகளில் மூன்று வார வயதையொட்டிப் பெரும் சிதைவு நடக்கிறது, அப்புறம் கணிசமாக மீண்டு வந்துவிடுகின்றன. உதரவிதானம் மட்டும் வயதோடு மோசமாகிக்கொண்டே போகும், மனித நோய்க்கு நெருக்கமாக இருப்பது அதுதான். கால் தசையை மட்டும் பார்த்துவிட்டு இந்த எலிக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது பூர்வீகம் உள்ளே வருகிறது. அதே மியூட்டேஷனை டிபிஏ/2ஜே ஸ்ட்ரெயினுக்கு மாற்றினால் நோய் கடுமையாகிறது, தசையில் நார்த்திசு அதிகமாகப் படிகிறது. காரணங்களில் முக்கியமானது எல்டிபிபி4 என்ற மரபணு. டிபிஏ/2ஜேயிடம் இருக்கும் வடிவத்தில் 12 அமினோ அமிலங்கள் குறைவு, அதனால் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் எளிதாக விடுபட்டு வடுவை வளர்க்கிறது. பின்னர் டூஷென் நோயாளிகளைப் பார்த்தபோது, நடக்கும் திறன் எத்தனை வயது வரை நிற்கிறது என்பதில் அவர்களுடைய எல்டிபிபி4 வடிவங்களுக்கும் பங்கு இருப்பது தெரியவந்தது. எலியின் இரண்டு வம்சங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒரு குழந்தையின் நடையைப் பற்றிய துப்பாக மாறியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

இதனால் வரும் விதி ஒன்றுதான்: கண்ட்ரோல் எலி அதே பின்னணியிலிருந்து வர வேண்டும், முடிந்தால் அதே தாய் ஈன்ற உடன்பிறப்பாகவே இருக்க வேண்டும். சி57பிஎல்/6 கறுப்பு எலியைப் பற்றி ‘பிளாக் சிக்ஸ்தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்பார்கள், நம்பாதீர்கள். அதன் 6ஜே கிளையில் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான என்என்டி என்ற மரபணுவில் சில எக்ஸான்கள் காணாமல் போயிருக்கின்றன, 6என் கிளையில் அது முழுதாக இருக்கிறது. தசையின் ஆற்றலை அளப்பவர் இரண்டையும் கலந்துவிட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும்.

நாக்அவுட் எலியை (ஒரு மரபணுவை முடக்கிய எலியை) வேறு பின்னணிக்கு மாற்ற பத்துத் தலைமுறை பேக்கிராஸ் செய்வது, அதாவது அந்தப் பின்னணி எலியோடு திரும்பத் திரும்பக் கலப்பது, வழக்கம். பத்து முடிந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். தொடர்பில்லாத குரோமோசோம்களில் அது ஏறத்தாழ உண்மை. ஆனால் நாம் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றும் மரபணுவைச் சுற்றி சராசரியாக 20 சென்டிமார்கன் (குரோமோசோமில் மரபணுத் தூரத்தின் அளவு) நீளத்துக்குப் பழைய வம்சத்தின் டிஎன்ஏ அப்படியே கூட வரும். அதற்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம், நீங்கள் பார்க்கும் தசை மாற்றம் அவற்றில் ஒன்றின் வேலையாகவும் இருக்கலாம். மினிமுகா அல்லது ஜிகாமுகா என்ற மரபணுச் சில்லில் ஒரு சில எலிகளை ஓட்டிப் பார்த்தால் எந்தத் துண்டு எந்த வம்சம் என்று தெரிந்துவிடும். வழிகாட்டியிடம் இதற்குப் பணம் கேட்கத் தயங்காதீர்கள்.

பல மரபணுக்கள் சேர்ந்து தசையின் எடையையோ ஓட்டத்தையோ எப்படித் தீர்மானிக்கின்றன என்பது கேள்வியானால் வழி வேறு. சி57பிஎல்/6ஜேயையும் டிபிஏ/2ஜேயையும் கலந்து உருவாக்கிய பிஎக்ஸ்டி குடும்பத்தின் தரவு ஜீன்நெட்வொர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு எலியைக்கூடத் தொடாமல் பிஜி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டே தொடங்கலாம். இன்னும் அகலமான கலவை வேண்டுமென்றால் எட்டு ஸ்ட்ரெயின்களிலிருந்து உருவான கொலாபரேட்டிவ் கிராஸ். அந்த எட்டில் மூன்று துணையினங்களுக்கும் காட்டிலிருந்து நேரடியாக வந்த பிரதிநிதிகள் உண்டு, தாய்லாந்திலிருந்து வந்த காஸ்ட் எலியும் அதில் ஒன்று. நம்முடைய ஏ/ஜேயும் அதே எட்டில் ஒன்று, ஆக டிஸ்ஃபெர்லின் கோளாறு அந்தக் கூட்டத்துக்குள்ளும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அளப்பது எப்படி?

கையிலிருக்கும் எளிய சோதனை பிடிவலு. எலியை வாலைப் பிடித்து மெல்ல, விசை அளக்கும் கருவியோடு இணைத்த கம்பி வலையின் மேல் இறக்கினால் முன்னங்கால்கள் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டு கால்களும் பற்றியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். உடல் தரைக்கு இணையாக இருக்கும்படி, ஒரே வேகத்தில், வெடுக்கென்று இல்லாமல் பின்னால் இழுங்கள். பிடி விடும் கணத்தில் கருவி காட்டும் உச்ச எண்தான் உங்கள் அளவு. ஒரு கால் மட்டும் பற்றியிருந்தாலோ எலி நடுவில் திரும்பிவிட்டாலோ அந்தத் தடவை வந்த எண்ணைத் தள்ளிவிடுங்கள். எல்லா எலிகளையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், எது எந்த மரபணு வகை என்று தெரியாமல் அளக்க வேண்டும். இழுக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பாதியில் நண்பரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எடையால் வகுத்த எண்ணோடு வகுக்காத எண்ணையும் எழுதி வையுங்கள்.

காட்டு வம்ச எலிகளிடம் இது எளிதாக நடக்காது. காஸ்ட் எலி கூண்டு மூடியைத் திறந்ததுமே தாவி வெளியே போய்விடும், வாலைத் தொட்டதுமே உடல் முழுக்கப் பதறும். அதன் பிடிவலு குறைவாக வந்தால் தசை பலவீனமா பயமா என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் தசையை வெளியே எடுத்து அளப்பதுதான் நேர்மையான வழி.

அதற்குப் பெரும்பாலும் எடுப்பது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இருந்து விரல்களை நீட்டும் ஈடிஎல் தசையும் கெண்டைக்கால் உள்ளே இருக்கும் சோலியஸ் தசையும். இரண்டு முனைத் தசைநாண்களிலும் பட்டு நூல் கட்டி, 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டையாக்சைடும் குமிழியிடும் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மின்தூண்டலில் அதிக விசை தரும் நீளத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கும் விசையை அப்படியே ஒப்பிடக் கூடாது, தசையின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். பரப்பு என்பது எடையை (மில்லிகிராம்) நார் நீளத்தாலும் (மில்லிமீட்டர்) 1.06 என்ற அடர்த்தியாலும் வகுத்தது. நார் நீளம் ஈடிஎல்லில் தசை நீளத்தில் சுமார் 0.44 பங்கு, சோலியஸில் சுமார் 0.7 பங்கு. இந்தக் கணக்கைப் போட்டால்தான் எம்டிஎக்ஸ் எலியின் விஷயம் புரியும்: அதன் கால் தசை பருத்திருக்கும், மொத்த விசையும் மோசமாகத் தெரியாது, பரப்பால் வகுத்ததும் எண் இறங்கும். சுருங்கும்போதே தசையை இழுத்து நீட்டினால் அடுத்தடுத்த முறைகளில் விசை சரிந்துகொண்டே போகும், டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசையின் தெளிவான அடையாளம் அது.

அப்புறம் ஒன்று, எலியின் ஈடிஎல் பெரும்பாலும் 2பி என்ற மிக வேக நார்களால் ஆனது. மனிதரின் கை கால் தசையில் அந்த வகை மயோசின் புரதம் வெளிப்படுவதே இல்லை. ஈடிஎல்லில் கண்டதை நேராக மனிதத் தொடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கண்டதன் ஊரைத் தேடுவது

ஆர்/கியூடிஎல்2 மாதிரி ஒரு மென்பொருளில், உறவு நெருக்கத்தையும் கணக்கில் சேர்த்து ஓட்டினால், தசை எடையோடு நகரும் குரோமோசோம் பகுதி ஒன்று கிடைக்கும். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், அந்தப் பகுதியில் எந்தத் துணையினத்தின் துண்டு இருக்கிறது என்று மவுஸ் ஃபைலோஜெனி வியூவரில் பாருங்கள். அடுத்து, அதே வடிவம் காட்டு எலிகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஈரான், ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான் எலிகளின் முழு ஜீனோம்கள் 2016 முதல் பொதுவில் கிடைக்கின்றன, நம் இமாச்சலப் பிரதேசத்தில் பிடித்த காஸ்டேனியஸ் எலிகளும் அதில் உண்டு. காட்டிலும் இருந்தால் இயற்கையில் நிலைத்த வேறுபாடு, எங்குமே இல்லையென்றால் அநேகமாகக் கூண்டில் பிறந்த மியூட்டேஷன். இரண்டுக்கும் உயிரியல் அர்த்தம் வேறு.

இதற்கு நல்ல முன்னுதாரணம் தியோடர் கார்லண்ட் குழுவின் ஓட்ட எலிகள். 1993 முதல் சக்கரத்தில் அதிகம் ஓடும் எலிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். சில வம்சங்களில் பின்னங்கால் தசை ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் அவை நன்றாகவே ஓடின. காரணம் எம்ஒய்எச்4 என்ற மயோசின் மரபணுவின் இன்ட்ரானில் (புரதமாக மாறாத துண்டில்) மாறிய ஒரே ஒரு எழுத்து என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த எழுத்து தேர்வு தொடங்கும் முன்பே மூலக் கூட்டத்தில் குறைந்த அளவில் இருந்தது. மூலக் கூட்டத்தின் டிஎன்ஏவைப் பார்க்காதவருக்கு இது புது மியூட்டேஷன் மாதிரியே தெரிந்திருக்கும்.

பூர்வீகக் கணக்கு போடும்போது பிளிங்க் என்ற மென்பொருளில் நெருங்கிய மார்க்கர்களைக் கழித்து, முதலில் எலிகளை ஒற்றுமைப்படி புள்ளிகளாகப் பரப்பிக் காட்டும் பிசிஏ, பின் ஒவ்வொரு எலியிலும் எந்த வம்சம் எவ்வளவு என்று மதிப்பிடும் அட்மிக்ஸ்சர் என்று போங்கள். இரண்டு பொறிகள் உண்டு. மரபணுச் சில்லில் இருக்கும் மார்க்கர்களில் பெரும்பாலானவை ஆய்வக ஸ்ட்ரெயின்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை, அதனால் நம் நாட்டு எலியின் வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். முழு ஜீனோம் படித்தாலும் ஒப்பிடப் பயன்படும் மாதிரி ஜீனோம் கறுப்பு எலியுடையது, காஸ்டேனியஸின் வேறுபட்ட துண்டுகள் பொருந்தாமல் உதிர்ந்துபோகும். இந்தியக் காஸ்டேனியஸின் வேறுபாடு ஐரோப்பிய எலியைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் கணக்கில் அது குறைவாக வந்தால் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

பெங்களூரு எலியைப் பிடிப்பதானால்

கே.ஆர். மார்க்கெட், யஷ்வந்த்பூர் மண்டி, அல்சூர், ஸ்ரீராமபுரத்து மளிகைக் கடைகள் எல்லாமே நல்ல இடங்கள். கடைக்காரர்களில் நம்மவர்கள் நிறைய, ‘அண்ணாச்சி, ஒரு பொறி வைத்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்டால் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். ஆனால் பொறி வைக்கும் முன் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் படிவம் பி கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வீட்டு எலிக்கு எதற்கு அனுமதி என்று கேட்காதீர்கள், சோதனைக்கு எடுத்த நிமிடமே சட்டம் பொருந்தும்.

மசால் வடை இங்கேயும் நன்றாகவே வேலை செய்கிறது, சுட்ட தேங்காய்த் துண்டும் கருவாடும்கூட. உயிரோடு பிடிக்கும் பொறி மட்டும் வையுங்கள். கடையில் எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த மருந்துகளில் பல ரத்தம் உறைவதைத் தடுப்பவை, தின்ற எலியின் தசைக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கும். அதன் டிஎன்ஏ உதவும், தசை உதவாது.

விழுந்தது என்ன என்று பாருங்கள். மூக்கு நீண்டு கூர்மையாக, கடும் நாற்றத்தோடு இருந்தால் அது மூஞ்சூறு, கொறிப்பினமே இல்லை. 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்துதான் தோட்டப்பாளையம் வைரஸ் என்ற ஹான்டா வகை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எதையும் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் பயமும் சேர்ந்தே இருக்கிறது. வயிறு வெளுப்பாக, வால் உடலைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால் வயல் சுண்டெலியாக இருக்கலாம். வீட்டுச் சுண்டெலியின் வால் நீளம், மேல் வெட்டுப்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வெட்டு தெரியும். சந்தேகமென்றால் இனத்தை அடையாளம் காட்டும் சைட்டோகுரோம் பி என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படித்துவிடுங்கள். ஒரு கடையில் ஐந்து எலி விழுந்தாலும் பூர்வீகக் கணக்குக்கு ஒன்றை மட்டும் எடுங்கள், ஒரே குடும்பம் மொத்தமாக உள்ளே வந்தால் அட்மிக்ஸ்சர் அதைத் தனி இனமாகக் காட்டிவிடும்.

மனிதருக்குத் தாவும்போது

தசையும் பூர்வீகமும் மனிதரில் சந்திக்கும் புகழ்பெற்ற மரபணு ஏசிடிஎன்3, வேகமான தசை நார்களில் இருக்கும் ஒரு புரதத்துக்கானது. இதன் இரண்டு பிரதிகளும் வேலை செய்யாதவர்கள் உலகில் நூறு கோடிக்கு மேல், எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவில் குறைவு, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அதிகம். 2007இல் இந்த மரபணுவை நீக்கிய எலி, சோர்ந்து நிற்கும் வரை டிரெட்மில்லில் 33% அதிக தூரம் ஓடியது. வேக நார்கள் ஆக்சிஜனைச் சார்ந்த வழிக்கு மாறியிருந்தன, பிடிவலு சற்றுக் குறைந்திருந்தது. எலி இல்லாமல் இந்தக் காரணத்தை மனிதரில் மட்டும் பார்த்துப் பிரித்திருக்க முடியாது. ஆனால் இதே மரபணுவைச் சோதித்து உங்கள் பிள்ளை ஓட்டக்காரனா என்று சொல்கிறோம் என்று பெற்றோரிடம் காசு வாங்குகிறார்கள். விளையாட்டுத் திறனில் இதன் பங்கு மிகச் சிறியது, தெரிந்தவர்கள் கேட்டால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, ரிப்போர்ட் எழுதும்போது ‘பிளாக் சிக்ஸ் எலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்ட்ரெயினின் முழுப்பெயர், ஜேயா என்னா, எங்கிருந்து வாங்கியது, உங்கள் கூண்டில் எத்தனை தலைமுறை ஆகிறது, பேக்கிராஸ் எண்ணிக்கை, ஆணா பெண்ணா, வயது வாரத்தில், அறை வெப்பநிலை எல்லாம் வேண்டும். காட்டு எலியானால் பிடித்த இடத்தின் ஜிபிஎஸ், தேதி, வால் நீளம். ஒவ்வொரு எலியின் வால் நுனியையும் 95% எத்தனாலில் போட்டு, டியூபின் மூடியிலும் பக்கத்திலும் பென்சிலால் எண் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். எத்தனால் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும்.